கிராங்க் முனையில் ஒரு ரப்பர் வளையம்

பெரிய சரக்குக் கப்பல்களின் எஞ்சின் கட்டுப்பாட்டு அறையில் சுழற்சி வேகம் காட்டும் முகப்பைப் பார்த்தால், எண்களுக்கு நடுவே ஒரு சிறு பகுதி சிவப்பாகத் தீட்டப்பட்டிருப்பது உண்டு. அந்தச் சிவப்பு உச்ச வேகத்தைக் குறிப்பதல்ல. அதற்குக் கீழேயும் ஓட்டலாம், மேலேயும் ஓட்டலாம். அந்தப் பட்டைக்குள் மட்டும் நிற்கக் கூடாது, விரைந்து தாண்டிவிட வேண்டும். ஊஞ்சலை எந்த நேரத்தில் தள்ளினால் மேலும் மேலும் உயருமோ, சரியாக அந்த நேரத்தில் சிலிண்டர்களின் வெடிப்பு தண்டைத் தள்ளுகிற வேகம் அது. அங்கேயே நின்றால், ஆள் உயரத்துக்கும் பெரிதான உருக்குத் தண்டு முறுகி முறுகிக் களைத்துப்போகும். தமிழ்நாட்டிலிருந்து கடலுக்குப் போன எஞ்சினியர்களுக்கு இந்தச் சிவப்புப் பட்டை பழக்கமானது. அவர்கள் காவல் காக்கும் எஞ்சின்களில் ஏராளமானவை டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் வடிவமைக்கப்பட்டவை. அதே கோபன்ஹேகன் வீதியில் நிற்கும் சாதாரணக் காருக்குள்ளும் இதே முறுக்கதிர்வு இருக்கிறது. காரில் சிவப்புப் பட்டை கிடையாது. அதன் வேலையைச் செய்வது கிராங்க் தண்டின் முன்முனையில் திருகப்பட்ட ஒரு வட்டும், அதற்குள் ஒட்டியிருக்கும் விரற்கடை அகல ரப்பர் வளையமும்தான். கப்பலில் இந்த அதிர்வைக் கணக்கிட்டு, அளந்து, காலம் குறித்துச் சோதிக்கிறார்கள். காரில் அது உடைந்து விழும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வேறுபாட்டுக்கு நியாயம் இல்லை என்பதும், அந்த வளையத்தைப் பிரேக் பட்டையைப் போல, டைமிங் பெல்ட்டைப் போல, தேய்ந்து தீரும் பொருளாகக் கருதிக் காலாகாலத்தில் பார்த்து மாற்ற வேண்டும் என்பதும்தான் நான் சொல்ல வருவது.

ஆங்கிலத்தில் இதற்கு ஹார்மோனிக் பேலன்சர் என்று பெயர். பெயர் சற்று ஏமாற்றுகிறது, ஏனென்றால் பெரும்பாலான எஞ்சின்களில் இது எதையும் சமன் செய்வதில்லை; அதிர்வை உறிஞ்சுகிறது, அவ்வளவே. நம்மூர் மெக்கானிக்குகள் 'கிராங்க் புல்லி' என்பார்கள். டேனிஷ் மொழியின் கடைப்பெயரும் ஏறக்குறைய அதேதான்: 'குரும்தாப்' என்றால் வளைந்த முளை, அதாவது கிராங்க், அதோடு பெல்ட்டையும் வட்டையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்துக் 'குரும்தாப்ரெம்ஸ்கிவ' என்கிறார்கள். அங்கும் இங்கும் பெயர் பெல்ட் ஓடும் சக்கரத்தை மட்டுமே சொல்கிறது, உள்ளே இருக்கும் ரப்பரைச் சொல்லவில்லை. புல்லி என்று கேட்டவுடன் இரும்புச் சக்கரம் மனதில் வருகிறது; இரும்புச் சக்கரம் தேயுமா, அதை எதற்குப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. ஒரு பாகம் கவனிப்பாரற்றுப் போவதற்குப் பெயரும் ஒரு காரணமாக முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

இது செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, முதலில் கிராங்க் தண்டு முறுகாத இரும்பு என்ற நினைப்பை விட வேண்டும். ஈரத் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகினால் அது முறுகுவதைக் கண்ணால் பார்க்கலாம். உருக்கும் அப்படித்தான் முறுகுகிறது, அளவுதான் மிகச் சிறியது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு வெடிப்புகள் நிகழ்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் தண்டின் ஒரு முழங்கையை முன்னோக்கி அடிக்கிறது. அடிபட்ட இடம் மற்ற பகுதிகளைவிட நூலளவு முந்திப்போய், சுருள்வில்லைப் போலத் திரும்பி வருகிறது. தண்டின் பின்முனையில் கனமான ஃப்ளைவீல் இருப்பதால் அந்தப் பக்கம் அதிகம் ஆடாது. முன்முனை கட்டில்லாமல் கிடக்கிறது, எனவே ஆட்டம் அங்கேதான் அதிகம். நொடிக்குச் சில நூறு முறை முன்னும் பின்னும் நடக்கும் இந்த நடுக்கத்தை ஓட்டுநரின் கை உணராது, காது கேட்காது. ஆனால் எஞ்சினின் வெடிப்புத் தாளம் தண்டின் சொந்தத் தாளத்தோடு பொருந்துகிற வேகத்தில் அது பெருகுகிறது. உரலில் இருவர் மாற்றி மாற்றி உலக்கை போடும்போது தாளம் சேர்ந்துவிட்டால் தரையே அதிருமே, அதைப்போல.

டேம்பர், அதாவது அதிர்வைத் தணிக்கும் இந்தப் பாகம், வந்து அமர்வது அதிகம் ஆடும் அந்த முனையில்தான். நடுவே ஒரு குடம்; அது தண்டோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. குடத்தைச் சுற்றி ரப்பர். ரப்பரைச் சுற்றிக் கனமான இரும்பு வளையம். ஆல்டர்னேட்டரையும் ஏ.சி. கம்ப்ரசரையும், பல கார்களில் தண்ணீர் பம்பையும் ஓட்டும் பெல்ட் பெரும்பாலும் இந்த வெளிவளையத்தின் மேல்தான் ஓடுகிறது. குடம் தண்டோடு சேர்ந்து நடுங்குகிறது. கனமான வெளிவளையமோ தன் எடையின் மந்தத்தால் ஒரே சீராகச் சுற்றவே விரும்புகிறது. இரண்டுக்கும் இடையில் சிக்கிய ரப்பர் இப்பக்கமும் அப்பக்கமும் இழுபட்டு, நடுக்கத்தின் ஆற்றலைச் சூடாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது. வளையத்தின் எடையும் ரப்பரின் விறைப்பும் அந்தந்த எஞ்சினின் தண்டுக்கென்றே கணக்கிடப்பட்டவை. தம்புராவைச் சுருதி சேர்ப்பதுபோல இதையும் ஒரு அதிர்வெண்ணுக்குச் சேர்த்து வைக்கிறார்கள். இந்தச் சுருதியைப் பற்றிய செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் பாதி எடை அதில்தான் இருக்கிறது.

கார்கள் பிறந்த புதிதில் இப்படியொரு பாகம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் வந்தபோது அவற்றின் நீண்ட கிராங்க் தண்டுகள் காரணம் விளங்காமல் முறிந்தன. தண்டைத் தடிமனாக்கினால் போதும் என்றுதான் முதலில் தோன்றியது. சிக்கல் வலிமையில் அல்ல, தாளத்தில் இருக்கிறது என்று கண்டுகொண்டவர்களில் பிரிட்டனின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் முக்கியமானவர். எண்ணெயில் மூழ்கிய தட்டுகளின் உராய்வால் முறுக்கதிர்வைத் தணிக்கும் கருவிக்கு 1910-இல் அவர் காப்புரிமை கோரினார். அதே ஆண்டுகளில் டென்மார்க் வேறொரு வழியில் இதே சிக்கலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ருடால்ஃப் டீசலின் எஞ்சினைத் தயாரிக்கும் உரிமையை 1898-இல் பெற்ற கோபன்ஹேகனின் பூர்மைஸ்டர் அண்ட் வைன் தொழிற்சாலை, 1912 பிப்ரவரியில் 'செலாண்டியா' என்ற கப்பலைக் கடலுக்கு அனுப்பியது. எட்டு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 1,250 குதிரைத்திறன். நீராவியின் துணையின்றிப் பெருங்கடல் தாண்டிய முதல் பெரிய கப்பல்களில் ஒன்றாக அது பாங்காக் வரை போய்த் திரும்பியது. நீராவி எஞ்சின் தண்டை மெதுவாகத் தள்ளும். டீசல் சம்மட்டியால் அடிக்கும். நீண்ட தண்டும் கடுமையான அடியும் சேர்ந்த இடத்தில், முறுக்கதிர்வுக் கணக்கு இல்லாமல் கப்பலே கட்ட முடியாது என்ற நிலை அடுத்த சில பத்தாண்டுகளில் வந்தது.

அதே தொழிற்சாலை 1930-களின் தொடக்கத்தில் கோபன்ஹேகனின் எச். சி. எர்ஸ்டெட் மின்நிலையத்துக்கு 22,500 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சினைக் கட்டிக் கொடுத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகின் மிகப் பெரிய டீசல் எஞ்சின் அதுவே. இன்று அது அருங்காட்சியகப் பொருளாக நிற்கிறது. பூர்மைஸ்டர் அண்ட் வைனின் எஞ்சின் பிரிவை ஜெர்மனியின் மான் நிறுவனம் 1980-இல் வாங்கியது என்றாலும், கொரியாவிலும் சீனாவிலும் ஜப்பானிலும் வார்க்கப்படும் கப்பல் எஞ்சின்களுக்கான வரைபடங்கள் இன்னமும் கோபன்ஹேகனிலிருந்து போகின்றன. அதிர்வை அளக்கும் கலையும் டென்மார்க்கில் தனித் தொழிலாகவே வளர்ந்தது. பெர் புரூயல், விக்கோ கேயர் என்ற இரு பொறியாளர்கள் 1942-இல் தொடங்கிய நிறுவனம், அழுத்தப்பட்டால் மின்னழுத்தம் தரும் படிகங்களைக் கொண்டு அதிர்வுமானிகள் செய்து உலகெங்கும் விற்றது. ஒலியியலோ இயந்திர அதிர்வோ ஆராயும் கூடங்களில் அவர்கள் பெயர் பொறித்த கருவி இல்லாத இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. கப்பல் எஞ்சினுக்கு முறுக்கதிர்வுக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் கப்பல்களுக்குத் தரச் சான்று வழங்கும் வகைப்பாட்டுச் சங்கங்கள் ஒப்புதல் தரும். தண்டின் முனையில் சிலிக்கோன் திரவம் நிரப்பிய டேம்பர் இருந்தால், குறிப்பிட்ட மணி நேரம் ஓடியபின் அந்தத் திரவத்தில் சில துளிகளை எடுத்து ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். திரவம் கெட்டியாகிவிட்டதா, வெந்துபோனதா என்று பார்க்கிறார்கள். டேம்பருக்கு ஆயுள் உண்டு என்பது அங்கே யாரும் மறுக்காத செய்தி. காருக்கு வருவோம். டென்மார்க்கில் புதிய கார் நான்கு ஆண்டுகள் ஆனதும் முதல் முறையும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் 'சூன்' எனப்படும் கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, டயர், அடிச்சட்டத்தின் துரு, புகை என்று வரிசையாகப் பார்ப்பார்கள். மிகக் கண்டிப்பான சோதனை; சாலையில் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவற்றை மையமாக வைத்தது. அதனால்தான் கிராங்க் டேம்பர் அதன் கண்ணில் படுவதில்லை. அதைக் குறை என்று சொல்ல மாட்டேன்; அது அந்தச் சோதனையின் வேலை அல்ல. ஆனால் சூனில் தேறிவிட்டால் காரில் குறையே இல்லை என்று நினைப்பது தவறு.

டென்மார்க்கில் இந்தத் தவறுக்கு விலை கூடுதல். அந்நாட்டில் காரைப் பதிவுசெய்ய வாங்கும் வரி உலகின் கடுமையான கார் வரிகளில் ஒன்று. உச்சப் படியில் 150 சதவீதம், 2015 வரை 180 சதவீதமாகவே இருந்தது. இவ்வளவு கொடுத்து வாங்கியதை எளிதில் கைவிட மனம் வராது. பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டுவார்கள். எண்பதுகளில் அகதிகளாகப் போய் ஹெர்னிங் போன்ற யூலாந்து ஊர்களில் வேரூன்றிய ஈழத்தமிழ்க் குடும்பங்கள் உட்பட, நகரப் பேருந்து எட்டாத இடங்களில் வாழ்பவர்களுக்குக் கார் இல்லாமல் வேலையும் இல்லை, கோயில் திருவிழாவும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், சராசரி வேகம் 50 என்றால் எஞ்சின் ஓடுவது 300 மணி நேரம். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் 3.6 கோடிச் சுற்றுகள். நான்கு சிலிண்டரில் 7.2 கோடி அடிகள். பதினைந்து வயதுக் காரின் ரப்பர் வளையம் நூறு கோடிக்கும் மேற்பட்ட அடிகளை வாங்கியிருக்கும். எஞ்சினின் சூட்டில் வெந்து, கசிந்த எண்ணெயில் ஊறி, குளிர்காலச் சாலையில் தூவிய உப்புநீர் தெறித்து விளிம்பில் துரு ஏறி, அதற்கு நடுவில்தான் இத்தனையையும் வாங்கியிருக்கும்.

ரப்பர் கெடும் விதங்கள் இரண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிவது: வெடிப்பு விடும், நொய்ந்து பொடியாக உதிரும், எண்ணெய் குடித்து உப்பிப் பிதுங்கும், ஒட்டு விட்டு வெளிவளையம் முன்னோ பின்னோ நகரும். நகர்ந்த வளையத்தில் ஓடும் பெல்ட் ஓரத்தில் தேய்ந்து கீச்சிடும். வளையம் முழுதாகக் கழன்றால் பெல்ட் தெறிக்கும்; ஆல்டர்னேட்டர் நிற்கும், அந்த பெல்ட்டே தண்ணீர் பம்பையும் ஓட்டும் கார்களில் எஞ்சின் சில நிமிடங்களில் கொதித்துவிடும். தெறித்த பெல்ட்டின் நார் டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடலாம். இரண்டாவது விதம் கண்ணுக்குத் தெரியாதது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வயதான ரப்பர் இறுகுகிறது. இறுகினால் சுருதி மாறுகிறது. வெடிப்போ உப்பலோ இல்லாமல், பார்வைக்குப் புதிதுபோலவே இருந்துகொண்டு, எந்த அதிர்வெண்ணைத் தணிக்க வேண்டுமோ அதைத் தணிக்காமல் வேறொன்றைத் தணித்துக்கொண்டிருக்கும். உடையட்டும், பார்த்துக்கொள்வோம் என்ற அணுகுமுறைக்கு இங்கே பிடியே இல்லை. உடையாமலேயே வேலையை நிறுத்திவிட்ட பாகம் இது.

கார் நிறுவனத்தின் சர்வீஸ் அட்டவணையிலேயே இதற்குக் காலக்கெடு இல்லையே, பிறகு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அட்டவணை தேவையானவற்றின் பட்டியல்தான். காரின் முழு ஆயுளுக்கும் உத்தரவாதம் அல்ல. பதினைந்து, இருபது ஆண்டு ஓட்டுகிறவர் அந்தப் பட்டியலோடு நின்றுவிட முடியாது. சில சிறிய எஞ்சின்களில் ரப்பரே இல்லாத வெறும் இரும்புப் புல்லிதான் இருக்கிறது, அவை ஓடவில்லையா என்பது இன்னொரு கேள்வி. ஓடுகின்றன, ஏனென்றால் அவற்றின் குட்டையான, விறைப்பான தண்டுக்கு டேம்பர் தேவையில்லை என்று வடிவமைத்தவர்களே கணக்கிட்டிருக்கிறார்கள். டேம்பரோடு பிறந்த எஞ்சினுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று டேம்பரைக் கழற்றி அலுமினியப் புல்லி பூட்டுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். டேம்பர் கெட்டால் கிராங்க் தண்டு உடனே முறிந்துவிடுமா என்றும் கேட்கலாம். பெரும்பாலும் முறியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். பயமுறுத்தி விற்க வேண்டிய பாகம் அல்ல இது. சேதம் மெல்ல நடக்கும்: போல்ட் தளரும், டைமிங் சங்கிலியும் ஆயில் பம்பும் கூடுதல் நடுக்கத்தை வாங்கும், உலோகத்தில் களைப்பு சேரும். நாளை நடக்காது என்பது நடக்கவே நடக்காது என்று ஆகிவிடாது.

மின்கார்கள் வந்துவிட்டனவே, இனி இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கே பதில். 2024-இல் அங்கே புதிதாகப் பதிவான கார்களில் பாதிக்கும் மேல் மின்கார்கள்; அவற்றில் வெடிப்பும் இல்லை, டேம்பரும் இல்லை. ஆனால் புதிய கார்களின் கணக்கு வேறு, சாலையில் ஓடுபவற்றின் கணக்கு வேறு. ஓடுபவற்றில் பெரும்பகுதி இன்னும் பெட்ரோலும் டீசலும்தான். புதிதாக எரிபொருள் கார்கள் வருவது குறையக் குறைய, இருப்பவற்றின் சராசரி வயது ஏறிக்கொண்டே போகும். ரப்பர் வளையங்களுக்கு உண்மையான சோதனைக் காலம் இனிமேல்தான்.

பார்ப்பது எளிது. எஞ்சின் அணைந்து ஆறியிருக்கும்போது டார்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டு ரப்பரைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். வெடிப்பு, பிதுக்கம், உதிர்ந்த துணுக்கு, வளையத்துக்கும் குடத்துக்கும் இடையே ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் இருக்கும் இடைவெளி ஆகியவை அறிகுறிகள். ஐட்லிங்கில் ஓடவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தால் வட்டு ஆடுகிறதா என்பது தெரியும். தொங்கும் ஆடை, தலைமுடி, விரல் எதுவும் பெல்ட்டை நெருங்கக் கூடாது. வளையம் நழுவுகிறதா என்று அறிய ஒரு எளிய வழி இருக்கிறது: குடத்திலிருந்து ரப்பரைக் கடந்து வெளிவளையம் வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரே நேர்க்கோடு இழுத்துவிட்டுச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது. கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் வேறு சான்று வேண்டாம். இதற்கென்று தனியாகப் பட்டறைக்குப் போக வேண்டியதும் இல்லை. பெல்ட் மாற்றும்போது அந்த இடம் எப்படியும் திறந்துதான் இருக்கும். கூலி அதிகமான டென்மார்க்கில் ஒரே திறப்பில் இரண்டையும் முடிப்பதே சிக்கனம்.

மாற்றுவதுதான் கவனம் கேட்கும் வேலை. பேட்டரியைக் கழற்றி, பெல்ட் எந்த வழியில் சுற்றுகிறது என்று படம் எடுத்து வைத்துக்கொண்டு, டென்ஷனரைத் தளர்த்த வேண்டும். பெரும்பாலான கார்களில் முன்சக்கரத்தையும் மட்கார்டின் உள்மறைப்பையும் கழற்றினால்தான் கை போகும். கார் ஜாக்கியில் மட்டும் நிற்கக் கூடாது, தாங்கியில் நிற்க வேண்டும். நடு போல்ட் மிகுந்த விசையில் முறுக்கப்பட்டிருக்கும், எனவே தண்டு சுழலாமல் பிடிக்க அந்த எஞ்சினுக்குரிய பிடிப்பான் தேவை. இங்கே ஒரு எச்சரிக்கை: ஃபோர்டின் சில எஞ்சின்களிலும் வேறு சிலவற்றிலும் புல்லியையும் டைமிங் பல்சக்கரத்தையும் அதே ஒரு போல்ட்டின் இறுக்கம்தான் பிடித்து நிறுத்துகிறது, வழுக்காமல் தடுக்கும் பூட்டுச்சாவி கிடையாது. தண்டையும் கேம் ஷாஃப்ட்டையும் பூட்டாமல் போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் தவறிவிடும். கையேட்டைப் படிக்காமல் ஸ்பானரை எடுக்கக் கூடாத வேலை இது. டேம்பர் இறுக்கமாக ஏறியிருந்தால் குடத்தில் உள்ள துளைகளில் திருகி இழுக்கும் புல்லர் வேண்டும். வெளிவளையத்தைக் கவ்வி இழுத்தால் ரப்பர் கிழியும். சுத்தியலால் அடித்தால் தண்டின் பேரிங் அடி வாங்கும்.

கழற்றியதும் குடத்தின் கழுத்தில் ஆயில் சீல் உராய்ந்த தடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளம் விழுந்திருந்தால் பழைய குடத்தால் இனி எண்ணெய் நிற்காது. சீலைப் புதிதாக மாற்ற வேண்டும்; அதன் உதட்டில் எண்ணெய் தடவுவதா என்பதைக் கையேட்டில் பார்க்க வேண்டும். புதிய டேம்பர் அந்த எஞ்சினின் பாக எண்ணுக்கே உரியதாக இருக்க வேண்டும். அளவும் பல்வரிசையும் ஒத்துப்போகிற மலிவுப் பொருளில் சுருதி ஒத்துப்போகும் என்பதற்கு உறுதி இல்லை. சில எஞ்சின்களில் டேம்பரிலேயே சமன் எடையும் சேர்ந்திருக்கும், அங்கே மாற்றுப் பொருள் எஞ்சினையே உலுக்கிவிடும். இறுக்கமாக ஏறும் டேம்பரைத் திருகுக் கருவியால் மெல்ல உள்ளே ஏற்ற வேண்டும். நடு போல்ட்டையே கருவியாக்கினால் தண்டுக்குள் இருக்கும் மரை கிழியும், அதைச் சரிசெய்வது டேம்பரின் விலையில் முடியாது. முறுக்கும்போது நீண்டு பிடிக்கும் வகை போல்ட் என்றால் பழையதை மீண்டும் போடக் கூடாது. கையேடு சொல்லும் விசைக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, கூடுதலாகச் சொல்லியிருக்கும் கோணத்தையும் திருப்பி, பெல்ட்டை அதன் வழியில் ஏற்றி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். சக்கரத்தை மாட்டுவதற்கு முன் ஒரு சிறு வேலை மீதமிருக்கிறது. புதிய வளையத்தின் குறுக்கே, குடத்திலிருந்து வெளிவிளிம்பு வரை, அந்த வெள்ளைக் கோட்டை இழுத்து, தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைப்பது.